வீட்டுக்காரம்மாவின் கடைசி வேட்டைக்காலம்

பத்துப் பதினொரு வயதில், கால் நிலத்தில் முட்டாத அலுவலகக் கதிரைகளில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதை ஜெர்மனிலும் அவர்கள் சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நாங்கள். இப்போது எங்களுக்கு ஐம்பதாகிவிட்டது. படி ஏறினால் முழங்கால் நோகிறது. கலியாண வீடுகளில் சந்தித்தால் அந்தக் காலத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அம்மாவின் வயிற்று வருத்தத்தை டாக்டருக்குச் சொல்லத் தெரியாமல் கையால் நடித்துக் காட்டியது, வகுப்பாசிரியை எழுதிய முறைப்பாட்டைப் பாராட்டாக மாற்றி வாசித்தது, இப்படி உங்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. நானும் கேட்டுச் சிரிப்பேன். என்னுடைய கதையை நான் சொன்னதில்லை. அது சிரிக்கிற கதை அல்ல.

அப்போது நாங்கள் ஜெர்மனியில், வுப்பர்டாலுக்குத் தெற்கே, பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஒரு மலைக்கிராமத்தில் இருந்தோம். அகதி முகாமிலிருந்து எங்களை அங்கே அனுப்பியிருந்தார்கள். கறுப்பு மரச்சட்டங்களும் வெள்ளைச் சுவரும் உள்ள பழைய வீடு. மேல்மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். எங்களுக்குள் பேசும்போது அவரைக் கிழவி என்றுதான் சொல்வோம். இன்று எழுதும்போது அந்தச் சொல் வர மறுக்கிறது.

அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே இரும்பு வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு ஊன்றுகோல், வெளியே இறங்கினால் இரண்டு. முற்றத்தைக் கடந்து வாசல் கேற்றுக்குப் போக அவருக்கு எடுக்கும் நேரத்தில் நான் பள்ளிக்கூடப் பையை மேலே வைத்துவிட்டுத் திரும்பி இறங்கி வந்துவிடுவேன். அந்தக் காலோடு அவர் மான் வேட்டைக்குப் போனார்.

வேட்டை அவருடைய புருஷனுடையதாக இருந்தது. புருஷன் இளவயதிலேயே செத்த பிறகு, அந்தக் காட்டில் வேட்டையாடும் பங்கையும் துவக்கையும் விடாமல், வீட்டுக்காரம்மா தானே பரீட்சை எழுதி அனுமதி எடுத்திருந்தார். அந்தக் கிராமத்து வேட்டைக்காரர் எல்லோரும் ஆண்கள். அவர் காரை விட்டு இறங்கிக் கோல்களைத் தேடுகிற நேரத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். நகரத்தில் இருந்த மகன் மாதத்துக்கு ஒருமுறை வந்து, "அம்மா, போதும்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார். அவர் போனதும் வீட்டுக்காரம்மா துவக்கை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்குவார். அந்த எண்ணெய் மணம் படிவழியே எங்கள் அறைவரை ஏறி வரும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனாலும் காலையில் எழும்பிச் சவரம் செய்து, கச்சேரிக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டு, பையில் பேனையைக் குத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். மத்தியானம் சாப்பிடுவார். திரும்பவும் ஜன்னலோரம்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் வீட்டுக்காரம்மா முற்றத்தில் விழுந்துவிட்டார். சுட்ட மானைக் காரின் பின்பக்கத்திலிருந்து தனியாக இழுத்து இறக்கப் பார்த்திருக்கிறார். அவர் ஒரு பக்கம், மான் ஒரு பக்கம், கோல்கள் இரண்டும் காருக்கு அடியில். அப்பா படிகளில் ஓடி இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். அப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார். அவர் நன்றி சொல்லவில்லை. மானைக் காட்டி, "அதைக் கொட்டிலுக்குள் கொண்டுபோக வேண்டும், ஹெர் நாக்பார்" என்றார். அயலவர் ஐயா என்று அர்த்தம். அதன் பிறகு அப்பாவை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அப்பா மானைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டையில் இரத்தம் முதுகுவழியே இறங்கியது.

மேலே வந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. என்ன கோலமப்பா இது?"

"வயசு போன மனுசி. விழுந்து கிடந்தா பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே?"

"தூக்கி விட்டாப் போதும்தானே. மானையும் ஏன் தூக்கினனீங்கள்?"

அப்பா சட்டையைக் கழற்றினார். குளித்துவிட்டு வந்து வழக்கத்தைவிட இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டார். அதை நான் அன்றைக்குக் கவனித்தேன். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அதற்குப் பிறகு பொழுது சாய முன்னர் கீழேயிருந்து ஊன்றுகோலால் கூரையில் இரண்டு தட்டுக் கேட்கும். அப்பா இறங்கிப் போவார். செத்துப்போன புருஷனின் பச்சைக் கம்பளிக் கோட் ஒன்றை அவர் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். தோள் பெரிது, கை நீளம். மழையில் நனைந்தால் அதிலிருந்து கற்பூரமும் நாயும் கலந்த மணம் வரும். அந்தக் கோட்டுக்குள் கச்சேரிச் சட்டையோடு அப்பா காரின் முன்னாசனத்தில் ஏறுவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒரேயொரு தடவை நானும் போனேன். அப்பா என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது, அதற்கு நான் தேவைப்பட்டேன். காட்டு ஓரத்தில், அறுவடை முடிந்த சோள வயலைப் பார்த்தபடி ஒரு பரண் இருந்தது. பன்னிரண்டு படி உள்ள மர ஏணி. வீட்டுக்காரம்மா கோல்களை மரத்தில் சாத்திவிட்டு ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். நல்ல காலை முதல் படியில் வைத்தார். மற்றக் கால் ஏறவில்லை. "இப்போது அப்பாவைத் தள்ளச் சொல்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்நிய மனுசியின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளுவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "சிவசிவா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி, தோளைக் கொடுத்து உயர்த்தினார். ஒவ்வொரு படிக்கும் வீட்டுக்காரம்மா நின்று மூச்சு வாங்கினார். மேலே போய் உட்கார்ந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்பா துவக்கின் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்காரம்மாவே அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறியிருந்தார். "துவக்கை ஒருநாளும் தொடக்கூடாது. அனுமதி இல்லாதவர் தொட்டால் எனக்கும் சிறை மறியல், அவருக்கும் மறியல். சொல்" என்றார். சொன்னேன். "நான் தொடமாட்டன் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

ஏணியின் அடியில், ஈர இலைகளின் மேல் அப்பாவும் நானும் அசையாமல் இருந்தோம். கால் விறைத்துவிட்டது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஒரு வெடி. என் காது அடைத்துப் போனது.

மான் விழுந்த இடத்துக்கு அவர் தானும் வரவேண்டும் என்று அடம்பிடித்தார். சோளக் கட்டைகளுக்குள் கோல்கள் புதைந்தன. கடைசிப் பத்து அடியை முழங்காலில் தவழ்ந்து வந்தார். ஒரு பெண்மான். கண் திறந்திருந்தது. அவர் ஊசியிலை மரத்திலிருந்து சின்னக் கொப்பு ஒன்றை ஒடித்துவரச் சொல்லி, அதை மானின் வாய்க்குள் வைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"என்னவாம்?" என்று அப்பா கேட்டார்.

கேட்டேன். கடைசிச் சாப்பாடு என்றார் அவர். சொன்னேன்.

அப்பா அந்தக் கொப்பையே பார்த்தார். பிறகு, "வாய்க்கரிசி போடுறா, பிள்ளை" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவருடைய அம்மா ஊரில் செத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. போக முடியவில்லை. அந்தச் சாவையும் இந்தக் கொப்பையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா மானின் நாலு காலையும் கட்டி இழுத்துக்கொண்டு வயலுக்குள்ளால் வந்ததும், தெருவில் போன காருக்குள் இருந்து என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்ததும்தான்.

அவள் இறைச்சிக்கடைக்காரரின் மகள். கிராமத்து வேட்டைக்காரரில் அவள் அப்பாவும் ஒருவர். வயதுக்கு ஒரு வகுப்புக் குறைவாக நான்காம் வகுப்பில் என்னை விட்டிருந்தார்கள், அதனால் அந்த வகுப்பில் நான்தான் நெட்டை. அடுத்த நாள் இடைவேளையில், முற்றத்துக் கஷ்கொட்டை மரத்தடியில், எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "உன் அப்பா அந்தக் கிழவியின் நாய். அவள் சுட்டால் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருவார்." ஒருத்தி குரைத்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுடைய வாயிலிருந்து ஆவி வந்தது.

"அவள் எங்கே சுடுகிறாள்?" என்று கேட்டேன். "அவளால் துவக்கைத் தூக்கவே ஏலாது. சுடுவது என் அப்பாதான். எங்கள் நாட்டில் அவர் சிறுத்தையே சுட்டவர்."

சிரிப்பு நின்றது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். ஒருத்தி, "உண்மையாகவா?" என்றாள். "உண்மையாக" என்றேன். அந்தக் கிழமை முழுவதும் என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மானைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே விமானத்தில் வந்து, முகாமில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர். வுப்பர்டாலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தேறி வருவார். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே தமிழன் அவர்தான். அப்பா வாய்விட்டுச் சிரித்ததும் அவரோடு மட்டும்தான். வேட்டைக் கதையைக் கேட்டதும் மாமாவின் முகம் மாறிவிட்டது.

"அண்ணை, உந்த வேலை உங்களுக்கு வேண்டாம். கேஸ் முடியமுன்னம் துவக்கு இருக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகாதேங்கோ. ஆரும் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், உங்கடை அகதி அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பத்தைத் தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள்."

"ஆர் சொல்லப் போகினம்? நான் ஏணியடியிலை நிக்கிறன், அவ்வளவுதானே."

"நான் சொல்லிப்போட்டன். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ."

அன்று இருவரும் கொஞ்சம் முகம் கோணித்தான் பிரிந்தார்கள்.

பத்து நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டுக்காரம்மாவின் குசினியில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோப்போடு வந்த அதிகாரி. மற்றவர் போலீஸ்காரர். துவக்கு அலுமாரி திறந்து கிடந்தது. அப்பா சுவரோரம் நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, கோல்கள் இரண்டையும் மடியில் குறுக்கே வைத்தபடி.

"நீதானே ஜெர்மன் பேசுவாய்?" என்றார் அதிகாரி. "அப்பாவுக்குச் சொல். இந்த அம்மாவின் துவக்கால் அவர் மான் சுடுகிறார் என்று எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. அது ஊருக்குள் பரவி எங்களிடம் வந்திருக்கிறது."

அவர் கோப்பைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார்.

"அப்பா, நீங்கள் துவக்காலை மான் சுடுறீங்களெண்டு ஆரோ சொல்லியிருக்கினமாம்" என்றேன்.

அவர் சொன்னது மூன்று வசனம். நான் சொன்னது ஒன்று.

அப்பா சுவரை விட்டு ஒரு அடி முன்னே வந்தார். "ஆர் சொன்னது? அதைக் கேள், பிள்ளை. ஆர் சொன்னதெண்டு கேள்."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். "அப்பா எங்கேயாவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்கிறார்" என்றேன்.

"இப்போது தேவையில்லை."

"சொல்ல ஏலாதாம், அப்பா."

பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கெட்டித்தனம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் திகைக்கிறேன். தடுமாறவே இல்லை. இரண்டு மொழிக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"நான் தொடேல்லை எண்டு சொல்லு. பிள்ளையாராணை நான் தொடேல்லை" என்றார் அப்பா. அதை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். வீட்டுக்காரம்மா மேசையில் கோலால் ஒரு தட்டுத் தட்டினார். "நாற்பது வருடமாக நான் சுடுகிறேன். கால்தான் போயிற்று. கை போகவில்லை" என்றார். கடிதம் வரும், அதுவரைக்கும் அப்பா அவரோடு காட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

அன்று சாயந்தரம் அப்பா அம்மாவிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "வேறை ஆருக்குத் தெரியும்? அவனுக்கு மட்டும்தான் தெரியும். தன்ரை அன்ட்ராக் சரிவரவேணும் எண்டு என்னை வித்துப்போட்டான்."

"சும்மா சொல்லாதேங்கோ. அந்தப் பெடியன் அப்பிடிச் செய்யமாட்டான்" என்றாள் அம்மா.

"செய்வன் எண்டு முன்னமே சொன்னவன்தானே. நீயும் கேட்டுக்கொண்டு இருந்தனி."

நான் மூலையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். வாயைத் திறக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அடுத்த வார்த்தையாக அப்பா, "இதாலை எங்களைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள்" என்றார். நான் கணக்குப் புத்தகத்துக்குள் குனிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா கதவைத் திறந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் முகத்துக்கு நேரே அடித்துச் சாத்தினார். "அண்ணை, என்னண்ணை?" என்ற குரல் இரண்டு தடவை கேட்டது. பிறகு படியில் இறங்குகிற சத்தம். ஞாயிறுகளில் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. தரிப்பிடம் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருந்தது. தூறல் மழை. மாமா குடையில்லாமல் அங்கேயே நின்றார். அடிக்கடி எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். எங்களுக்குக் கொண்டுவந்த பையை, பேருந்தில் ஏறும்போது மதிலில் வைத்துவிட்டுப் போனார். வெண்டிக்காய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். எடுக்க வேண்டாம் என்றார் அப்பா. மதிலிலேயே கிடந்து கறுத்தது.

கூரையில் தட்டுவது நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்காரம்மா வேட்டையை நிறுத்தவில்லை. கடிதம் வரும்வரை அனுமதி கையில்தானே இருக்கிறது என்று, விடியக் காலையில் தனியாகப் போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் அப்பா எழும்பி ஜன்னலுக்கு வருவார். திரும்பி வரும்வரை அங்கேயே நிற்பார்.

கார்த்திகையில் ஒரு காலை, கடும் பனிப்புகார். எட்டு மணியாகியும் கார் வரவில்லை. ஒன்பதாகியும் வரவில்லை. அப்பா கோட்டைப் போட்டார்.

"போகவேண்டாமெண்டு எழுத்திலை இல்லாட்டிலும் வாயாலை சொல்லியிருக்கினம்" என்று அம்மா கையைப் பிடித்தாள்.

"மனுசி செத்துக் கிடந்தா?" என்று உதறிவிட்டுப் போனார்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு வயலின் ஓரத்தில் அவர் வருவது தெரிந்தது. வீட்டுக்காரம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும், தனியாகவே எட்டுப் படி ஏறியிருக்கிறார். எட்டாவதில் கை விட்டிருக்கிறது. துவக்கு ஏணியடியில் கிடந்திருக்கிறது. அப்பா குனிந்தபோது அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "துவக்கைத் தொடாதே, ஹெர் நாக்பார், துவக்கைத் தொடாதே" என்று கத்தினாராம். வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாராம். அந்த ஒரு வசனம் அப்பாவுக்கு நான் இல்லாமலே விளங்கியிருக்கிறது. கால் ஒடிந்து இரண்டு மணி நேரம் பனியில் கிடந்தவர், அப்பாவைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். என்னால் தனியாகப் போனவர். என்னால் விழுந்தவர்.

அதோடு அவருடைய வேட்டை முடிந்தது. மகன் வந்து துவக்கைக் கொடுத்துவிட்டு, காட்டுப் பங்கையும் விட்டுவிட்டார். துவக்கு வழக்கு மூடப்பட்டது என்று மாசியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். "தப்பிட்டம். அவன்ரை எண்ணம் சரிவரேல்லை" என்றார் அப்பா.

அதற்கு முன்னர், நத்தார்ப் பண்டிகையை ஒட்டி, முதியோர் இல்லத்துக்கு வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனோம். சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தார். வெளியே புல்வெளி. மான் வருமா என்று அப்பா கேட்கச் சொன்னார். "இரண்டு வருகிறது. ஒன்று நொண்டி. ஒரு துவக்கும் கதிரையைத் தள்ளிவிட ஆளும் இருந்தால் இங்கிருந்தே சுடுவேன்" என்றார். அப்பா சிரித்தார். தேத்தண்ணி எடுக்க அவர் வெளியே போனபோது, வீட்டுக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சூடாக, காய்ந்து இருந்தது.

"அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் இப்போது ஏன் வருவதில்லை?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று அந்த ஆள் சொன்னதை நீ அப்பாவுக்குச் சொன்னாயா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"நான் சொல்லவா, நீ சொல்கிறாயா?"

"நான் சொல்கிறேன்."

"எப்போது?"

"நாளைக்கு."

அவர் என்னை நம்பினார். கையை விட்டார். பங்குனியில் செத்துப்போனார். நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

வீடு விற்கப்பட்டது. எங்களுக்கு விசா கிடைத்தது. வுப்பர்டாலுக்கே குடிவந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, ஓய்வு பெற்றார். மாமாவும் அதே நகரத்தில் கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்று இருந்தார். கோயிலில், மண்டபங்களில் எதிரே வந்தால் அப்பா வழி மாறுவார். முப்பத்தெட்டு வருடம். வேறு எதற்கும் அவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கட்டினேன், பிள்ளை பெற்றேன். நாளைக்கு என்பது அப்படியே இருந்தது. சில வருடங்கள் அதை நினைக்காமலும் இருந்திருக்கிறேன். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் வெட்கம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் மாமா என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது.

"அப்பா சுகமோ, பிள்ளை?"

"ஓம் மாமா."

கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அவருக்கு என்ன பிழை விட்டனான் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியேல்லை. நீ அப்ப வீட்டிலை இருந்தனி. உனக்கு ஏதும் தெரியுமோ?"

மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்கவில்லை என்று பாவனை செய்யக்கூட முடியாது, அவ்வளவு கிட்ட இருந்தார்.

"தெரியாது மாமா" என்றேன்.

போன மார்கழியில் மாமா செத்துப்போனார். அப்பா செத்தவீட்டுக்குப் போகவில்லை. அன்று பின்னேரம், எண்பத்தைந்து வயதில், சாமியறையில் விளக்கைக் கொளுத்திவிட்டு நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று சொன்னேன். கஷ்கொட்டை மரத்தடியில் சொன்னது, குசினியில் சொல்லாமல் விட்டது, முதியோர் இல்லத்தில் சொல்கிறேன் என்றது, மண்டபத்தில் தெரியாது என்றது எல்லாவற்றையும்.

அப்பா திரும்பவில்லை. "அவன் மழையிலை நிண்டவன்" என்றார். பிறகு, "அவன்ரை வீடு தெரியுமோ உனக்கு?"

மாமாவின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமி கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து ஒரு கணம் அசையாமல் நின்றார். "வாங்கோ அண்ணை" என்று வழிவிட்டார்.

மாமாவின் படத்துக்கு முன்னால் அப்பா கைகூப்பி நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். மாமி எதிரே இருந்தார்.

"இப்பயாவது சொல்லுங்கோ அண்ணை. அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"அவன் ஒண்டும் செய்யேல்லை, தங்கச்சி. என்ரை விசர்ப் புத்தி" என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் சொன்னேன். மாமி இடைமறிக்காமல் கேட்டார். முடிந்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீ அப்ப சின்னப்பிள்ளை. பயத்திலை சொன்னதுதானே" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தைக்காகத்தான் போயிருந்தேன். அது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமி ஏதோ யோசித்தார். "மண்டபத்திலை அவர் உன்னட்டைக் கேட்டவர் எல்லே? வீட்டை வந்து எனக்குச் சொன்னவர். அந்தப் பிள்ளைக்கும் தெரியாதாம் எண்டு. அண்டைக்கு அவர் சாப்பிடேல்லை." என்னை நேரே பார்த்தார். "அப்ப உனக்கு எத்தினை வயசு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நாற்பத்தேழு" என்றேன்.

மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. மூன்று கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. அப்பாவின் கையில் ஒன்றைக் கொடுத்தார். மற்றொன்றை எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். அது ஆறியது. நான் அதை முழுவதும் குடித்தேன்.